தளத்துக்கு மேலே கிடக்கும் மண்

"மொசைக் கிடைத்ததா?"

ரோமானிய வில்லா ஒன்றில் பயிற்சி அகழாய்வுக்குப் போய்வருகிறேன் என்று தெரிந்தவுடன் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துப் படமாக்கிய தளத்தைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா ஃபோனில் கேட்பதும் ஏறக்குறைய அதேதான்: "ஏதாச்சும் கிடைச்சுதா, இன்னும் மண்ணைத்தான் சுரண்டிக்கிட்டு இருக்கியா?"

மண்ணைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பருவம் முடிந்து குழியை மூடியாகிவிட்டது. வீட்டின் தளத்தில் இன்னும் யாரும் கால் வைக்கவில்லை. ஆனாலும் இந்த ஆண்டு வேலை மிக நன்றாக நகர்ந்திருக்கிறது என்றே சொல்வேன். அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தவர்கள் யார், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது என்பதெல்லாம் தளத்துக்கு மேலே கிடக்கிற மண்ணில்தான் இருக்கிறது. அதை அவசரமில்லாமல் படிக்கும் ஒரு குழுவில் எனக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

இடம் தெற்கு இங்கிலாந்து, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு கோதுமை வயல். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. இருட்டியபின் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்கித் திருடுகிறவர்கள் இங்கே உண்டு. ஊர்ப் பெயர் வெளியே போக வேண்டாம் என்று நிலத்துக்காரரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரோமானியர் ஆட்சி பிரிட்டனில் கி.பி. 43-இல் தொடங்கியது. 410-ஐ ஒட்டி முடிந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இடைப்பட்ட காலத்தில் நாட்டுப்புறத்து வசதியான குடும்பங்கள் ஓட்டுக் கூரை, வண்ணம் பூசிய சுவர், அடியில் சூடான காற்று ஓடும் தரை என்று ரோமானிய பாணியில் கட்டிக்கொண்ட பண்ணை வீடுகள்தான் வில்லாக்கள். கட்டியவர்களில் பலர் ரோமிலிருந்து வந்தவர்கள் அல்ல, உள்ளூர்க்காரர்களே. சஸெக்ஸில் உள்ள பிக்னர் வில்லா 1811-இல் ஓர் உழவரின் கலப்பையில் தட்டுப்பட்டது. அதே சஸெக்ஸில் ஃபிஷ்போர்ன் அரண்மனை 1960-இல் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் தலைகாட்டியது. எங்கள் வில்லாவைக் காட்டிக்கொடுத்தது வறட்சி. அடியில் கற்சுவர் இருந்தால் மேலே மண் மெலிந்து ஈரம் குறைவாக இருக்கும். அந்த வரிசையில் நிற்கும் பயிர் மற்றவற்றுக்கு முன்னால் வாடி மஞ்சளாகும். வானத்திலிருந்து பார்த்தால் வீட்டின் வரைபடமே வயலில் கோடு போட்டதுபோல் தெரியும். பிறகு காந்தப்புல அளவீடு செய்து அறைகளின் வரிசை உறுதியானது. வரிசையாக அறைகள், முன்னால் நீண்ட தாழ்வாரம், ஒரு முனையில் குளியலறையாக இருக்கக்கூடிய சின்னக் கட்டடம். நாங்கள் திறந்திருப்பது அறைகளில் ஒன்றின் ஒரு பாதியையும் தாழ்வாரத்தின் ஒரு துண்டையும் மட்டும்.

உழவு மண்ணை இயந்திரம் வழித்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் கரணை வேலை. கொத்தனார் கையில் இருக்கும் கரணையைவிடச் சின்னது, நான்கு அங்குல நீளம், ஒரே இரும்பில் அடித்தது. முட்டிக்கு அடியில் ஒரு பாய் போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து, கரணையின் விளிம்பால் மண்ணைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். தோண்டுவது என்பதைவிடச் சீவுவது என்று சொன்னால் சரியாக இருக்கும். சீவிய பரப்பை மிதிக்கக் கூடாது. மண் காய்ந்துவிட்டால் நிறமெல்லாம் ஒன்றாகி வெளிறிப்போகும். தோட்டத்துக்குத் தெளிக்கும் பம்பால் தண்ணீர் தூவிவிட்டுப் பார்ப்போம். ஒரு மழை பெய்து ஓய்ந்த காலைதான் இருப்பதிலேயே நல்ல நேரம். நேற்றுவரை ஒரே பழுப்பாக இருந்த பரப்பில் குழியின் ஓரம், கம்பம் நட்ட பொந்து, சாம்பல் கொட்டிய இடம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அந்தக் காலைகளுக்காகவே மழையை விரும்பக் கற்றுக்கொண்டேன்.

மண் எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நிறம் மாறினாலும், கையில் உருட்டிப்பார்க்கும்போது மணலும் களியும் கலந்திருக்கும் விகிதம் மாறினாலும் அது வேறு ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் எண், ஒரு தாள். படிந்த மண்ணுக்கு ஓர் எண். பள்ளம் வெட்டியிருந்தால் அந்த வெட்டுக்கு ஓர் எண். அதை நிரப்பிய மண்ணுக்கு வேறோர் எண். பள்ளம் என்பது வெறும் வெற்றிடம்தானே, அதற்கு எதற்கு எண் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வெட்டியது ஒருநாள், நிரம்பியது இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே போயிருக்கலாம். அதனால்தான் தனித்தனி எண். தாளில் மேலே எது, கீழே எது, எதை எது வெட்டியது என்று குறித்துக்கொண்டே வந்து கடைசியில் எல்லா எண்களையும் கட்டம் கட்டமாக ஒரே படத்தில் கோடு இழுத்து இணைப்போம். எட்வர்ட் ஹாரிஸ் என்பவர் 1973-இல் வின்செஸ்டரில் வேலை செய்தபோது உருவாக்கிய முறை அது. ஹாரிஸ் மேட்ரிக்ஸ் என்று உலகம் முழுக்க அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இந்தப் பருவத்தின் பெரும்பகுதி ஓட்டுக் குவியலில் போனது. உழவு மண்ணுக்கும் குன்றிலிருந்து வழிந்து சேர்ந்த மண்ணுக்கும் கீழே, அறை முழுக்கக் கூரை ஓடுகள். ஓரம் மடித்த தட்டையான ஓடு, இரண்டு ஓடுகளின் இணைப்பை மூடும் அரைவட்ட ஓடு இரண்டும் கலந்து, விழுந்தது விழுந்தபடி கிடந்தன. ஓர் ஓட்டில் நாய் நடந்துபோன தடம். காயவைத்த ஈர ஓட்டின் மேல் ஓடியிருக்கிறது. நான்கு விரலும் உள்ளங்காலும் துல்லியமாகப் பதிந்திருக்கின்றன. ஓடு வார்த்தவர் அதைத் தூக்கியெறியாமல் சூளையில் வைத்துச் சுட்டு, அது கூரையும் ஏறியிருக்கிறது. என் பக்கத்தில் வேலை செய்த, செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் அந்தத் தடத்தின் மேல் தன் விரல்களை வைத்துப்பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஓடுகளுக்கு இடையே சுவர்ப்பூச்சுத் துண்டுகளும் வந்தன. சிவப்பு, காவி மஞ்சள், ஒரே ஒரு துண்டில் பச்சை இலை. பெரும்பாலும் வண்ணம் பூசிய பக்கம் கீழே பார்த்துக் கிடக்கும். தேய்த்துக் கழுவினால் வண்ணம் போய்விடும் என்பதால் தட்டில் பரப்பி, எந்த எண் மண்ணில், எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று எழுதிவைப்போம். கென்ட்டில் லல்லிங்ஸ்டன் வில்லாவில் இப்படி அடித்தள அறைக்குள் சரிந்து கிடந்த துண்டுகளை ஒட்டித்தான், கைகளை விரித்துப் பிரார்த்தனை செய்யும் மனிதர்களின் வரிசையைக் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டின் மாடியறை கிறித்தவ வழிபாட்டுக்குப் பயன்பட்டது என்று தெரியவந்தது அப்படித்தான். அந்த ஓவியம் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. துண்டுகளை மொத்தமாக வாளியில் அள்ளியிருந்தால் அது கிடைத்திருக்குமா?

ஓட்டுக் குவியலை எடுத்தபின் வந்தது கறுத்த மண். அதன் நடுவில், அறையின் மூலையை ஒட்டி, ஆங்கில T எழுத்தின் வடிவில் ஓர் அடுப்பு.

எங்கள் குழிப் பொறுப்பாளர் அதைப் பார்த்ததும் எல்லாரையும் கரணையைக் கீழே வைக்கச் சொன்னார். அடுப்பு முழுவதும் உடைந்த ஓடுகளையும், சுவருக்குள் சூடான காற்றை ஏற்றிச்செல்லும் பெட்டி வடிவ ஓடுகளையும் அடுக்கிக் கட்டியது. பெட்டி ஓடுகளின் மேல் சாந்து பிடிப்பதற்காகச் சீப்பால் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. அதாவது, வீட்டின் சூடேற்றும் அமைப்பை ஏற்கெனவே பிரித்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சரக்கைக் கொண்டு அறைக்குள்ளேயே அடுப்பு கட்டியிருக்கிறார்கள். அடுப்பின் பள்ளம் தளத்தையே வெட்டிக்கொண்டு போகிறது. பள்ளத்தின் பக்கவாட்டில் பார்த்தால், செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புத் தளம் இளஞ்சிவப்புப் பட்டையாகத் தெரிகிறது. இதுவரை தளத்தை நாங்கள் பார்த்திருப்பது அந்த வெட்டில் மட்டுமே.

அப்போது பொறுப்பாளர் கேட்ட கேள்வி எளிமையானது. ஓடுகள் அடுப்புக்கு மேலே கிடந்தனவா, கீழேயா? மேலே. அப்படியானால் அடுப்பு எரிந்தபோது கூரை எங்கே இருந்தது?

கூரை அதன் இடத்தில்தான் இருந்திருக்கிறது. இடிந்து பாழான வீட்டில் யாரோ வழிப்போக்கர்கள் வந்து மூட்டிய நெருப்பு இல்லை இது. சுவரும் கூரையும் நிற்கிற வீட்டில், விருந்தினரை உட்காரவைத்திருக்கக்கூடிய ஓர் அறையை வேலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். கூரை விழுந்தது அதற்கெல்லாம் பிறகு. எண்கள் எழுதிய தாள்களை வரிசைப்படுத்தியதும் இந்தக் கதை தானாக வந்து நின்றது. எந்த அரும்பொருளும் தேவைப்படவில்லை. எந்த மண்ணுக்கு மேலே எந்த மண் என்று தெரிந்தாலே போதும் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

அடுப்பு எதற்கு? கறுத்த மண்ணை வாளி வாளியாக எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் கரைத்து, மிதந்து வருவதை மெல்லிய சல்லடையில் பிடித்தோம். மண் அடியில் தங்கிவிடும். கருகிய தானியமும் உமியும் கரியும் மேலே வரும். காய்ந்ததும் உருப்பெருக்கியின் கீழே வைத்துக் காட்டினார்கள். ஸ்பெல்ட் கோதுமை. ரோமானிய பிரிட்டனின் முக்கியத் தானியம் அது. சில மணிகளின் முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது. முளை விட்ட தானியத்தின் அடையாளம் அது: உமிக்குள்ளேயே முளை வளர்ந்து, மணியின் முதுகை அழுத்திக்கொண்டு போகும். நம் வீட்டில் பயறை ஊறவைத்து முளைகட்டுவோமே, அதே வேலைதான். முளை வந்ததும் மெல்லிய சூட்டில் உலர்த்தி நிறுத்திவிட்டால் அது மால்ட், பீர் காய்ச்சுவதற்கான சரக்கு. இந்த வகை அடுப்புகளைத் தானியம் உலர்த்துபவை என்றே முன்பு சொல்லிவந்தார்கள். ஹாம்ப்ஷயரில் பட்ஸர் பரிசோதனைப் பண்ணையில் பீட்டர் ரேனால்ட்ஸ் 1970-களில் ஓர் அடுப்பை அப்படியே கட்டி எரித்துப்பார்த்து, இது உலர்த்துவதைவிட மால்ட் செய்யத்தான் ஏற்றது என்று வாதிட்டார். எங்கள் அடுப்பு அவர் பக்கம்தான் பேசுகிறது.

காலம்? அடுப்பின் பள்ளம் வெட்டிக்கொண்டு போன மண்ணில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, பச்சை பூத்தது. இரண்டு வீரர்கள் ஈட்டியோடு நிற்க, நடுவில் இரண்டு படைக்கொடிகள். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் காலத்து 'குளோரியா எக்ஸெர்சிட்டஸ்' (படையின் புகழ்) காசு, கி.பி. 330-ஐ ஒட்டி அச்சிட ஆரம்பித்தது. காசு அந்த மண்ணில் விழுந்த பிறகுதான் அந்த மண்ணை வெட்டி அடுப்பு கட்டியிருக்கிறார்கள். ஆகவே அடுப்பு 330-க்குப் பிந்தியது. எவ்வளவு பிந்தியது என்பதைக் காசு சொல்லாது. இதே 4-ஆம் நூற்றாண்டின் சின்ன ரோமானியச் செப்புக்காசுகள் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உள்ளங்கையில் அந்தக் காசை வைத்தபோது எனக்கு அமராவதிதான் ஞாபகம் வந்தது. சக பயிற்சியாளர்களிடம் சொன்னேன். மதிய சாப்பாட்டு நேரம் முழுக்கக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்கள்.

இந்த அகழாய்வு முறைக்கும் நமக்கும் உள்ள உறவு காசோடு நிற்பதில்லை. 1930-களில் இங்கிலாந்தின் வெருலேமியம், மெய்டன் காஸில் முதலிய இடங்களில் மாணவர்களையும் ஆர்வலர்களையும் சேர்த்துப் பயிற்சியோடு அகழாய்வு நடத்தியவர் மார்ட்டிமர் வீலர். அவர் 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். அந்த ஆண்டே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அடுத்த ஆண்டு அரிக்கமேட்டில் குழி வெட்டினார். அங்கே கிடைத்த, இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாண்டங்களின் காலம் தெரியும் என்பதால், அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானையோடுகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஆண்டுக்கணக்கு ஒன்றைப் பிடித்துக்கொடுத்த வேலை அது. சதுரம் சதுரமாகக் குழி, நடுவில் வெட்டாமல் விட்ட மண்சுவர், அதில் அடுக்கடுக்காகச் சீட்டு என்று கீழடியில் நாம் பார்க்கிற காட்சி அந்த மரபில் வந்தது. இங்கிலாந்தில் இப்போது மண்சுவர் விடாமல் பரப்பு முழுவதையும் திறப்பதுதான் வழக்கம். எனக்கு இரண்டிலும் பிடித்தவை உண்டு. மண்சுவர் இருந்தால் அடுக்குகளை எப்போது வேண்டுமானாலும் நிமிர்ந்து பார்க்கலாம். பரப்பாகத் திறந்தால் அடுப்பு மாதிரியான ஒன்று சுவருக்குள் ஒளிந்துகொள்ளாது.

இனி, பொறுமை ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். குளோஸ்டர்ஷயரில் செட்வொர்த் வில்லா 1864-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜேம்ஸ் ஃபாரர் தலைமையில் கூலியாட்களை வைத்துச் சுவர்களைத் தொடர்ந்து போய் வெகுவேகமாக வெளியே கொண்டுவந்தார்கள். மொசைக் தளங்கள் கிடைத்தன. அழகானவைதான், நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தளங்களின் மேல் கிடந்த மண் எங்கே? குறிப்பு ஏதுமில்லாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டது. அந்த வீட்டின் கடைசிக் காலம் அதோடு போனது. அந்தக் காலத்தில் பெரும்பாலான வில்லாக்களின் கதை இதுதான். தளத்தின் மேல் இருந்த அடுப்பும் சாம்பலும் அழுக்கு என்று ஒதுக்கப்பட்டன. அறிக்கையில் பிற்காலத்தவர் வந்து தங்கிய தடம் என்று ஒரு வரி வந்தால் அதிகம். அந்த ஒரு வரிக்குள் தள்ளப்பட்டவர்களும் குடும்பம் நடத்தி, பயிர் செய்து, பீர் காய்ச்சி வாழ்ந்தவர்கள்தானே. முந்தைய உரிமையாளரின் பேரப்பிள்ளைகளாகவே இருந்திருக்கக்கூடாதா?

இப்போது பார்வை மாறியிருக்கிறது. ரட்லண்டில் 2020-இல், ஊரடங்கு காலத்தில், ஒரு பண்ணைக் குடும்பத்தின் மகன் வயலில் நடக்கும்போது பானையோடுகளைப் பார்த்து விவரம் சொன்னார். லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள மொசைக்கில் டிராய் போர் வந்தது. அக்கிலீஸும் ஹெக்டரும் மோதுகிற கதை. செய்தித்தாள்கள் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டன. எனக்கு அந்தப் படத்தில் கண் போனது தீப்பட்டுக் கருகிய இடங்களின் மேல்தான். அந்தத் தளத்தின் மேல் பிற்காலத்தில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். மூடிக்கிடந்த இடிபாட்டுக்குள் மனித எலும்புகளும் இருந்தன. கைவிட்ட வீட்டில் யாரோ யாரையோ புதைத்திருக்கிறார்கள். அகழாய்வாளர்கள் அதையும் சேர்த்தே சொன்னார்கள்.

எங்கள் குழியைத் தண்ணீர் ஊடுருவும் துணி விரித்து, அதன் மேல் வெட்டிய மண்ணையே போட்டு மூடினோம். அடுப்பில் பாதியைத்தான் எடுத்திருக்கிறோம். எடுத்த பாதியிலிருந்து சில கோதுமை மணிகள் காலத்தைக் கணிக்கும் ரேடியோகார்பன் சோதனைக்குப் போகின்றன. கரித்துண்டைவிடத் தானியம் நல்லது. ஓக் மரத்தின் உட்பகுதி நெருப்புக்குப் போகும் முன்பே நூறாண்டு பழையதாக இருக்கலாம், கோதுமையோ அந்த ஓர் ஆண்டின் விளைச்சல்.

மீதிப் பாதியை அடுத்த கோடையில் எடுப்பதா, அப்படியே விடுவதா என்று குளிர்காலத்தில் பேசி முடிவெடுக்கப் போகிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எடுத்தால்தான் அடுப்பின் வாய் எந்தப் பக்கம், எத்தனை முறை சரிசெய்து கட்டினார்கள் என்பதெல்லாம் தெரியும் என்று ஒரு தரப்பு. நியாயம்தான். ஆனால் நான் விட்டுவைக்க வேண்டும் என்றே எழுதிக்கொடுத்திருக்கிறேன். செட்வொர்த்தில் ஃபாரரின் ஆட்கள் தளத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் வாரினாலும், ஓர் அறையின் மொசைக்குக் கீழே கைவைக்கவில்லை. 2017-இல் அங்கே சின்னதாகத் தோண்டி, சுவரின் அடித்தளப் பள்ளத்தில் அடைபட்டிருந்த கரியையும் எலும்பையும் சோதித்தார்கள். அந்தச் சுவர் கி.பி. 424-க்குப் பிறகு கட்டியது என்று வந்தது. மொசைக்கோ அதற்கும் பிந்தியது. ரோமானிய ஆட்சி முடிந்து எல்லாரும் வீட்டை விட்டுப் போய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் புதிதாக அறை தடுத்து, அதற்கு மொசைக் தளம் போட்டிருக்கிறார். ஃபாரர் காலத்தில் ரேடியோகார்பன் என்ற ஒன்று இல்லவே இல்லை. அவர் தொடாமல் விட்ட மண்ணில்தான் அந்த விடை இருந்தது.